ஏரிக்கரையைச் சைக்கிளுக்கு விடுங்கள்

மதிப்புக்குரிய சித்தூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

புத்தலப்பட்டு வட்டார ஏரிக்கரைகளைப் பற்றி ஒரே ஒரு கோரிக்கையோடு இந்த மடலை எழுதுகிறேன். புத்தலப்பட்டிலிருந்து காணிப்பாக்கம் பக்கமாக உள்ள ஏரிக்கரைகளிலும் அவற்றை இணைக்கும் கால்வாய்க் கரைகளிலும் ஒரு தொடரைத் தேர்ந்தெடுங்கள். ஆயக்கட்டு விவசாயிகளின் வண்டிகளைத் தவிர மற்ற மோட்டார் வாகனங்களுக்கு அந்தத் தொடரில் தடை போடுங்கள். நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் அந்தத் தடம் இருக்கட்டும். இதற்காகப் புதிய சாலை போட வேண்டாம், நிலம் எடுக்க வேண்டாம், பாலம் கட்ட வேண்டாம். இருக்கிற கரையைக் கரையாகவே காப்பாற்றினால் போதும். சைக்கிள் பிரியர் ஒருவரின் பொழுதுபோக்கு ஆசை என்று இதை முதலில் எண்ணத் தோன்றும். ஆனால் ஏரியின் பாதுகாப்பும் பள்ளிக்குச் சைக்கிளில் போகும் பிள்ளையின் பாதுகாப்பும் இந்த ஒரே ஆணையில் அடங்கியிருக்கின்றன. அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

புத்தலப்பட்டு ஒரு முச்சந்தி. கர்னூலில் கிளம்பி கடப்பா, பீலேர் வழியாகச் சித்தூருக்கு வரும் நெடுஞ்சாலையிலிருந்து திருப்பதி சாலை பிரிவது இங்கேதான். பழைய எண்கள் 18, 18ஏ. இப்போது 40, 140. திருப்பதிக்கும் காணிப்பாக்கத்துக்கும் போகும் பேருந்து, வேன், கார்கள் பலவும் இந்த முச்சந்தியைத் தொட்டுத்தான் போகின்றன. மாம்பழக் காலத்தில் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் கூழ்த் தொழிற்சாலைகளை நோக்கி வரிசை கட்டும். சாலை அகலமாக அகலமாக வேகம் கூடியது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கோ பால் சொசைட்டிக்கோ சைக்கிளில் போகிறவருக்கு அந்தச் சாலையின் ஓரத்தில் மிஞ்சியது வெள்ளைக்கோட்டுக்கு அப்பால் ஓரடி, ஈரடி மண். நாடு முழுவதும் 2022-ல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே கணக்குக் கொடுத்திருக்கிறது. வேகத்தையும் கனத்தையும் ஒரே சாலையில் விட்டுவிட்டு, சைக்கிள்காரரை மட்டும் கவனமாகப் போகச் சொல்வது நியாயமில்லை. அவருக்கு வேறு வழி வேண்டும். அந்த வழி ஏற்கெனவே இருக்கிறது.

சித்தூர்ச் சீமை தட்டையான நாடல்ல. எங்கே நின்று பார்த்தாலும் ஒரு பாறைக் குன்று தெரியும். ஆனால் அந்தக் குன்றுகளுக்கு நடுவிலும் மேடுபள்ளமில்லாத ஓர் இடம் ஏரிக்கரை. தண்ணீர் மட்டம் பார்த்துக் கட்டிய கரை என்பதால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அதன் தலைப்பு சமமாக இருக்கும். ஆயக்கட்டுக்குப் போகும் கால்வாயும் அப்படியே; தண்ணீர் தானாக ஓட வேண்டுமானால் சரிவு மிக மெல்லியதாக இருக்க வேண்டும். மேலேரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால் கீழேரிக்குப் போய்ச் சேரும் என்ற ஏற்பாட்டில் இங்குள்ள ஏரிகள் சங்கிலியாகக் கோத்தவை. அந்தச் சங்கிலியைத் தொட்டுக்கொண்டே போகிறவருக்கு ஏறுமுகமாக மூச்சு வாங்கும் இடம் அதிகம் இராது. கியர் இல்லாத பழைய சைக்கிளில், பின்னால் ஒரு பால் கேனைக் கட்டிக்கொண்டு, அறுபது வயதுக்காரரும் மிதித்துப் போகலாம். மலைநாட்டுக்குள் ஒரு சமவெளிப் பாதையை நம் முன்னோர் தண்ணீருக்காக வெட்டிக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மாநில எல்லையும் இதற்குத் தடையல்ல: நீவா ஆறு சித்தூரைத் தாண்டித் தமிழ்நாட்டில் பொன்னையாகிப் பாலாற்றில் கலக்கிறது. 1911-ல் சித்தூர் மாவட்டம் பிறக்கும் முன்பு இந்த ஊர்களில் பலவும் வட ஆற்காட்டோடுதான் இருந்தன. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கரை ஒரே கைவேலை. இங்கே ஒரு நல்ல முன்மாதிரி அமைந்தால் வேலூர், ராணிப்பேட்டை ஊர்களுக்கும் அது பயன்படும்.

இனி ஏரியின் பக்கமிருந்து பார்க்க வேண்டும். மண் கரைக்கு மழை எவ்வளவு எதிரியோ, டயரும் அவ்வளவு எதிரி. மண்ணேற்றிய டிப்பர் நாலு முறை கரைமேல் போனால் தலைப்பில் இரண்டு தடம் விழுகிறது. அடுத்த மழையில் அந்தத் தடம் வாய்க்காலாகித் தண்ணீரைத் தேக்கும். தேங்கிய தண்ணீர் வெளியே ஓடாமல் கரையின் உடம்புக்குள்ளேயே இறங்கும். ஊறிய கரையின் வெளிச்சரிவு சரியத் தொடங்கும். இதைவிடக் கெடுதல், வண்டி ஏறி இறங்குவதற்காகக் கரையை வெட்டிச் சாய்வுப் பாதை அமைப்பது. வெட்டிய இடத்தில் கரையின் உயரம் ஒரு முழம் குறைந்தாலும் பெருவெள்ளத்தில் தண்ணீர் முதலில் தாண்டுவது அங்கேதான். மண் கரையைத் தண்ணீர் ஒருமுறை தாண்டிவிட்டால் பிறகு பிடித்து நிறுத்த முடியாது. சைக்கிள் இதில் எதையும் செய்யாது. ஆளோடு சேர்ந்து பெரும்பாலும் நூறு கிலோவைத் தொடாத வண்டி அது. அது ஓடி ஓடிக் கரைத்தலைப்பை இறுக்கமாகவும் புதர் மண்டாமலும் வைத்திருக்கும்.

அதோடு, சைக்கிளில் போகிறவருக்குக் கண் இருக்கிறது. 2021 நவம்பர் மழையில் ராமச்சந்திராபுரம் பக்கத்து ராயலசெருவின் கரையில் கசிவு கண்டதும், கீழேயுள்ள ஊர்களைக் காலி செய்யச் சொன்னதும், இரவும் பகலும் மண்மூட்டை அடுக்கியதும் உங்கள் அலுவலகத்துக்கு மறந்திருக்காது. அந்த மண்டலம் அப்போது சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. கசிவு எவ்வளவு சீக்கிரம் கண்ணில் படுகிறதோ அவ்வளவு எளிதாக அடைக்கலாம். அந்தக் காலத்தில் அதைப் பார்ப்பதற்கு நீர்கட்டி இருந்தார். தெலுங்கில் நீருகண்டி என்பார்கள். மதகைத் திறந்து மூடுவது மட்டும் அவர் வேலையல்ல. தினமும் கரைமேல் நடந்தார், நண்டு வளையையும் எலிப் பொந்தையும் கண்டார், ஊருக்குச் சொன்னார். அந்தப் பணி தேய்ந்துவிட்ட ஊர்களில், போகிற வழியில் கரையைப் பார்க்கும் நாற்பது பேர் கிடைப்பது சிறிய உதவியல்ல. ஆள் நடமாட்டமுள்ள கரையில் இரவோடு இரவாக மண் வெட்டி எடுப்பதும் குறையும்.

கரையும் சைக்கிளும் ஒத்துப்போகும் என்பது வெறும் ஊகமல்ல; அதற்கு ஒரு தூரதேசத்து உதாரணம் தருகிறேன். செக் நாட்டின் தெற்கில் ட்ரெபோன் என்ற வட்டாரம், மனிதர் வெட்டிய ஏரிகளால் ஆன தட்டை நிலம். அங்கே ரோஜ்ம்பெர்க் என்ற பெரிய ஏரியை யாகுப் கிர்சின் என்பவர் 1590 வாக்கில் கட்டி முடித்தார். அந்த மண் கரைகளில் நிற்கும் ஓக் மர வரிசைகளுக்கு அடியில் இன்று நடையும் சைக்கிளும் போகின்றன. அதைப் பார்க்கவே பல நாட்டவர் வருகிறார்கள். 2002 ஆகஸ்டில் ஐரோப்பாவை உலுக்கிய வெள்ளத்திலும் அந்த நானூறு வயதுக் கரை பெருமளவு தண்ணீரைத் தாங்கி நின்றது. கரையில் சைக்கிள் விட்டதால் கரை பலவீனப்படவில்லை. நமக்கு அருகில், இலங்கையில் பொலன்னறுவையிலும் அனுராதபுரத்திலும் பழங்காலக் குளக்கட்டுகளை ஒட்டிச் சைக்கிளில் சுற்றுவது பயணிகளுக்கு வழக்கமான காட்சி.

இப்போதெல்லாம் யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று கேட்பார்கள். வீட்டுக்கு வீடு மோட்டார் பைக் வந்துவிட்டது உண்மை. ஆனால் அந்த பைக் காலையில் வீட்டு ஆண்மகனோடு வேலைக்குப் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் எதில் போவார்கள்? பீகார் அரசு 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்ததை கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை சுமார் 32 விழுக்காடு கூடியது; பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். ஆந்திரத்திலும் அரசுப் பள்ளி மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்த காலம் உண்டு. சைக்கிளைக் கையில் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, அதை அச்சமின்றி ஓட்ட ஒரு வழியைக் கொடுப்பது அடுத்த படிதான். நீங்கள் கவனிக்க வேண்டிய முன்னுதாரணம் இன்னொன்று, அதுவும் ஒரு மாவட்ட ஆட்சியர் செய்தது. 1990-களின் தொடக்கத்தில், ஏரியும் கண்மாயும் நிறைந்த புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் பகுதியாகக் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரித் தொழிலாளி முதல் அங்கன்வாடிப் பணியாளர் வரை பல்லாயிரம் பெண்கள் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் கேட்கவே இல்லையே என்று அதற்கு முன் யாரும் சொல்லியிருக்கலாம். கேட்கும்படியான சூழலை நிர்வாகம் உண்டாக்கிய பிறகுதான் கேட்டார்கள்.

விவசாயிகளின் கவலை இதைவிடக் கனமானது. அதற்கு முழு மரியாதை தர வேண்டும். நெல் மூட்டையும் கரும்பும் எருவும் தலைச்சுமையாகப் போக முடியாது. கரைக்குக் கீழேயிருக்கும் வயலுக்கு வேறு வழியில்லாத இடங்களும் உண்டு. அதனால்தான் ஆயக்கட்டு விவசாயிக்கு விலக்கு வேண்டும் என்று முதல் பத்தியிலேயே கேட்டேன். யார் வண்டிக்கு, எந்தப் பருவத்தில், கரையின் எந்தப் பகுதி வரை என்று தீர்மானிக்க வேண்டியது மேசையில் இருக்கும் அதிகாரியல்ல, நீர்ப் பயனாளர் சங்கம். 1997-ம் ஆண்டின் விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் அந்தச் சங்கங்களைத் தந்திருக்கிறது. அறுவடைக் காலத்தில் கரையைத் திறந்து விடுவதா என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். தடை உண்மையில் யாருக்கு என்றால், கரையைக் குறுக்குவழியாக்கும் மண் டிப்பருக்கும், சுங்கச்சாவடியையோ நெரிசலையோ தவிர்க்க உள்ளே புகும் வாடகை வண்டிக்கும். இரண்டாலும் ஆயக்கட்டு விவசாயிக்கு ஒரு காசு லாபமில்லை.

பெண்களின் பாதுகாப்பைப் பற்றிய கேள்விக்கு எளிய பதில் கிடையாது. ஒதுக்குப்புறமான கரையில் ஒரு மாணவி தனியாகப் போவதைப் பெற்றோர் ஏற்க மாட்டார்கள். ஏற்க வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆகவே இருட்டிய பின் இந்தத் தடம் யாருக்கும் வேண்டாம். பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் ஊர்க்காவல் படையினரோ மகளிர் குழுவினரோ இரண்டு முனைகளில் இருக்கட்டும். கரையோரச் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் வளராதபடி வெட்டப்படட்டும். கலங்கல் வழியும் நாட்களில் தடத்தை மூட வேண்டும். ஓடும் தண்ணீரில் ஒருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கக் கூடாது. இந்த ஏற்பாடுகள் இல்லாமல் தடையை மட்டும் போட்டால் கரை இன்னும் வெறிச்சோடும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெடுஞ்சாலை ஓரமும் இன்று அந்த மாணவிக்குப் பாதுகாப்பான இடமில்லை. இரண்டில் எதைச் சீர்திருத்துவது நம் கைக்கு எட்டும் என்பதே கேள்வி.

இன்னொரு அச்சம் எனக்கே உண்டு. நல்ல எண்ணத்தோடு தொடங்கும் ஏரி வேலை, கடைசியில் சிமெண்டுக் கல் பதித்த நடைபாதை, வண்ண விளக்கு, படகுத் துறை, தீனிக் கடை என்று முடிவதைப் பல ஊர்களில் பார்க்கிறோம். தயவுசெய்து அந்தப் பக்கம் போக வேண்டாம். தார் வேண்டாம், கான்கிரீட் வேண்டாம். நீர்வளத் துறைப் பொறியாளர் சொல்லும் கிராவலைப் போட்டு, தண்ணீர் வடிய லேசான சரிவு கொடுத்து, உருளையால் இறுக்கினால் சைக்கிளுக்கு அது போதும், கரைக்கும் நல்லது. கரையின் உட்சரிவில் அடுக்கிய கல்லைத் தொடவே வேண்டாம். மரம் நடுவதானால் வேர் கரைக்குள் போகாதபடி அடிவாரத்துக்கு வெளியே நடலாம். செலவென்று பார்த்தால் கிராவலும், இரு முனைகளிலும் டிப்பர் நுழையாதபடி நட்ட கற்கம்பங்களும், விவசாயி திறந்துகொள்ளும் ஒரு கதவும்தான். புரட்டாசியில் திருமலைக்கு நடந்து போகும் பக்தர்களும் காணிப்பாக்கத்துப் பிரம்மோற்சவத்துக்கு நடந்து வருகிறவர்களும் அந்தத் தடத்தில் இறங்கினால் நெடுஞ்சாலைக்கும் நிம்மதி.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 115-ம் பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ சாலையின் தன்மை கருதியோ குறிப்பிட்ட சாலையில் வாகனங்களைத் தடை செய்யவும் கட்டுப்படுத்தவும் மாநில அரசுக்கும் அது அதிகாரம் அளித்தவர்களுக்கும் உரிமை தருகிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை. உள்ளூரில் தக்கபடி தெரிவித்தால் போதும் என்கிறது அதே பிரிவு. முதற்கட்டமாக அந்த ஒரு மாதத்தைத்தான் கேட்கிறேன். சங்கராந்தி முடிந்து, ஏரிகளில் தண்ணீரும் பள்ளிகளில் வகுப்பும் இருக்கும் நாட்களில் வைத்துக்கொள்ளலாம். தொடங்கும் முன்பு, முடியும்போது என இரண்டு முறை கரைத்தலைப்பின் நிலையைப் பொறியாளர் அளக்கட்டும். எத்தனை பேர் நடந்தார்கள், எத்தனை சைக்கிள் போயிற்று என்று கிராம சச்சிவாலய (கிராமச் செயலக) ஊழியர் எண்ணட்டும். விவசாயிகளின் குறைகளை நீர்ப் பயனாளர் சங்கம் எழுதிக் கொடுக்கட்டும். அந்த மூன்று தாள்களையும் பார்த்து நீட்டிப்பதா, மாற்றுவதா, கைவிடுவதா என்று முடிவு செய்யுங்கள். ஆணையைக் கிராம சச்சிவாலயங்களிலும், கரை தொடங்கும் இரண்டு முனைகளிலும், தெலுங்கோடு தமிழிலும் எழுதி வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வழியில் தமிழ் பேசும் பக்தர்களும் வியாபாரிகளும் ஏராளம்.

இப்படிக்கு,
ஏரிகளின் மீதும் சைக்கிளின் மீதும் அக்கறையுள்ள ஒரு குடிமகன்