தோண்டுமுன் எண்ணுங்கள்

வரும் ஆண்டில் கவனிக்கவேண்டிய அறிவியல் செய்திகள் என்று நாளேடுகள் விண்வெளிப் பயணங்களையும் செயற்கை நுண்ணறிவையும் பட்டியலிடும். இனயம் கடற்கரையிலிருந்து நம் மருத்துவமனைக்கு வருவோர் கண்வைக்கவேண்டிய செய்தியோ காலடி மணலில் கிடக்கிறது.

மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார். ஏற்றுமதியான தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டிச் சென்ற மணலே அவருக்குத் துப்புக் கொடுத்ததாம். அங்கு அருமணல் ஆலையை நடத்தும் பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல்., கிள்ளியூர் வட்டத்தின் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய ஊர்களில் ஏறத்தாழ 1,144 ஹெக்டேரில் மணல் அள்ளத் திட்டமிட்டுள்ளது. 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. அதைத் திரும்பப் பெறுமாறு தமிழ்நாடு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

“இந்த நோய் மணலால் வந்ததா?” என்பது புற்றுநோயாளிகளின் குடும்பங்கள் கேட்கும் கேள்வி. ஒரு தனிமனிதரைக் குறித்து இதற்கு விடை சொல்ல இயலாது. ஒரு பெருங்கூட்டத்தைக் குறித்துச் சொல்லலாம். கேரளத்தின் கருநாகப்பள்ளியிலும் இதே வகை மணல்தான். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் அங்கே வீடுவீடாகக் கதிர்வீச்சை அளந்து, ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கும் மேல் தொடர்ந்து கவனித்தனர். இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-இல் வெளியிட்டனர். ஆகவே, கடற்கரையில் வீடு கட்டிக் குடியிருந்ததற்காக எவரும் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை. கதிர்வீச்சு என்ற சொல்லுக்கு அஞ்சி, மருத்துவர் சொன்ன கதிர்சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். பீடியும் புகையிலையும் ஐயமின்றிப் பகை, அவற்றை நிறுத்துங்கள்.

ஆனால், அதே ஆய்வைக் காட்டிச் சுரங்கத்திற்கு நற்சான்று வழங்குவது முறையன்று. மணலைத் தோண்டினால் கிணற்றுநீருக்கும் காற்றில் பறக்கும் தூசிக்கும் கரைக்கும் என்ன நேரும் என்பது அந்த ஆய்வின் கேள்வியே அன்று. என் கருத்தில், ஓர் அங்குலம் தோண்டுமுன் இந்த ஐந்து ஊர்களிலும் வீட்டுக் கதிர்வீச்சு, குடிநீர், நோய்கள் ஆகியவற்றின் கணக்கு எடுக்கப்படவேண்டும். அதை எடுப்போர் அந்த நிறுவனத்தைச் சாராதவராய் இருக்கவேண்டும். இன்றைய கணக்கு இல்லையேல், இருபது ஆண்டுகள் கழித்து நோய் கூடியது என்று நம் பிள்ளைகள் சொன்னாலும், கூடவில்லை என்று நிறுவனம் சொன்னாலும், இரண்டும் வெறும் வாய்ச்சொல்லே. அனுமதியைப் பரிசீலிக்கும் நிபுணர் குழு இக்கணக்கைக் கேட்கிறதா என்பதே நாம் பார்த்திருக்கவேண்டிய செய்தி.

இதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் செல்வோர் சிலர், வசதி கருதி அங்குள்ள உறவினர் முகவரியைக் கொடுத்துவிடுகின்றனர். அந்த நோயாளி நம் ஊர்க் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறார். எந்த மருத்துவமனையாயினும் சொந்த ஊரையும், அங்கு வாழ்ந்த ஆண்டுகளையும், செய்த தொழிலையும் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.