டிஸ்க் வாங்கலையோ... டிஸ்க்கு!

'ஸ்டோரேஜ் நிரம்பப் போகுது!'

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எங்க வீட்டு நாஸ் பெட்டியில இருந்து என் செல்லுக்கு வந்த மெசேஜ் இதுதான்.

நாஸ்னா என்னன்னு முழிக்கிற ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரு சின்ன அறிமுகம். வைஃபை ரூட்டரோட ஒரு ஒயரைச் செருகிக்கிட்டு, ஓரமா உட்கார்ந்திருக்கிற குட்டிப் பெட்டி. உள்ளே ஹார்ட் டிஸ்க்குகள். அப்பாவோட லேப்டாப், அக்காவோட செல், என்னோட ப்ராஜெக்ட்னு வீட்டுல உள்ள மொத்த ஃபைலும் அங்கேதான் குடியிருக்கும். யாரு வேணும்னாலும் போடலாம், எடுக்கலாம்.

எங்க பெட்டியில நாலு ஸ்லாட். மூணுல தலா 4 டெராபைட் டிஸ்க். நாலாவது காலி. 'சப்பை மேட்டர்... இன்னொரு டிஸ்க்கை வாங்கிச் செருகினா முடிஞ்சது'ன்னு கிளம்பினேன். என் கதையே முடிஞ்சிருக்கும் பாஸ்!

முதல்ல ஒரு கணக்கு. 3 x 4 = 12 தானே? ஆனா எங்களுக்குக் கிடைச்சது 8 டெராபைட்தான். கடைக்காரர் ஏமாத்தலை. காரணம், ரெய்டு. (வருமான வரி ஆபீஸர்ஸ் ஞாபகம் வந்தா கம்பெனி பொறுப்பல்ல!) அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூணு பேரும் சேர்ந்து எழுதி, 1988-ல வெளியான கட்டுரையால பிரபலமான பேர் அது. விலை மலிவான டிஸ்க்குகளைக் கூட்டா சேர்த்து, அதுல ஒண்ணு செத்தாலும் டேட்டா சாகாம பார்த்துக்கலாம்ங்கிறதுதான் ஐடியா.

எப்படி? மூணு நோட்டு இருக்குன்னு வெச்சுக்குங்க. முதல் நோட்டுல 7, ரெண்டாவதுல 5, மூணாவதுல ரெண்டோட கூட்டல் 12. எந்த ஒரு நோட்டு தொலைஞ்சாலும் மத்த ரெண்டை வெச்சு அதுல என்ன இருந்துச்சுன்னு சொல்லிடலாம் இல்லையா? ரெய்டு 5-ங்கிறது ஏறக்குறைய இந்தக் கணக்குதான். ஒரு டிஸ்க் அளவு இடம் அந்த 'கூட்டல்' எழுதவே போயிடும். அதனால மூணு டிஸ்க் போட்டா 8 டெராபைட், நாலு போட்டா 12.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நாலாவது டிஸ்க் போடுறது, பீரோவுக்குப் பக்கத்துல இன்னொரு பீரோ வைக்கிற வேலை இல்லீங்க. மூணு பீரோல இருக்கிற அத்தனை துணியையும் எடுத்து, நாலு பீரோவுக்கும் பிரிச்சு மறுபடி அடுக்கற வேலை! ஒரு 4 டெராபைட் டிஸ்க்கை, செகண்டுக்கு 150 மெகாபைட் வேகத்துல ஒரு தடவை முழுசா படிக்கவே 7 மணி நேரத்துக்கு மேல ஆகும். இங்கே படிக்கணும், கணக்குப் போடணும், எழுதணும். நாள் கணக்குல ஓடும்.

அப்படித்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. சனிக்கிழமை ராத்திரி 'டிக்... டிக்...'னு ஒரு சத்தம். பழைய டிஸ்க்ல ஒண்ணு அவுட். பெட்டியில சிவப்பு லைட்.

"என்னடா, லைட்டு செகப்பா எரியுது?"ன்னாங்க அம்மா.

"ஒண்ணுமில்லம்மா, அப்டேட் ஆகுது."

பச்சைப் பொய்! ஒரு நோட்டு தொலைஞ்சாச்சு. மிச்சத்தை வெச்சு வண்டி ஓடும். ஆனா இன்னொண்ணும் போனா? அக்கா கல்யாண வீடியோ, அப்பா ஸ்கேன் பண்ணி வெச்ச பழைய போட்டோக்கள், எல்லாம் காலி. எல்லாத்துக்கும் மேல, தாத்தா பேசின வீடியோ. அவர் வேலைக்குச் சேர்ந்த கதையை நான் செல்லுல எடுத்தது. தாத்தா இப்போ இல்லை. வேற எங்கேயும் காப்பியும் இல்லை.

அவசரத்துக்குக் கையில கிடைச்சது ஒரு 64 ஜி.பி. பென்டிரைவ்தான். முதல்ல தாத்தாவை ஏத்தினேன். அது 100 பர்சென்ட் ஆகுற வரைக்கும் மூச்சு விடலை.

திங்கட்கிழமை விடியற்காலை வேலை முடிஞ்சது. மத்த டிஸ்க்குகள் தாக்குப்பிடிச்சது என் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். மூணும் ஒரே நாள்ல வாங்கினது, ஒரே வயசு. அத்தனை வருஷம் சொகுசா சுத்திக்கிட்டிருந்ததை, ரெண்டு நாள் விடாம ஓட விட்டா, ஏற்கெனவே நோஞ்சானா இருக்கிறது அப்போதான் படுக்கும்.

அதனால, டிஸ்க் வாங்கப் போறவங்க இதைக் கட் பண்ணி வெச்சுக்குங்க:

1. முதல்ல காப்பி. ரெய்டு பேக்கப் இல்லை. நீங்க தப்பா டெலிட் பண்ணினா எல்லா டிஸ்க்லயும் சேர்ந்தே அழியும். வைரஸுக்கும் திருடனுக்கும் ரெய்டெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பீட்டர் க்ரோக்ங்கிற போட்டோகிராஃபர் பிரபலமாக்கின '3-2-1' ஃபார்முலா இருக்கு. மொத்தம் 3 காப்பி, 2 விதமான சாதனங்கள்ல, அதுல 1 வீட்டுக்கு வெளியே.

2. பழசுக்கு ஹெல்த் செக்கப். பெட்டியோட மெனுவுலயே 'ஸ்மார்ட் டெஸ்ட்' இருக்கும். முழு டெஸ்ட்டை ஓட விடுங்க. தப்பு காட்டுற டிஸ்க்கை முதல்ல மாத்துங்க. அப்புறம்தான் புதுசு.

3. சைஸ் பாருங்க. ரெய்டு 5-ல இருக்கிறதுலயே சின்ன டிஸ்க்கைவிட புதுசு சின்னதா இருக்கக் கூடாது. பெரிசா வாங்கினாலும் அதிகப்படி இடம் சும்மாதான் கிடக்கும். சினாலஜி பெட்டிகள்ல இருக்கிற எஸ்.எச்.ஆர். முறை, சைஸ் கலந்து போட்டாலும் ஓரளவு சமாளிக்கும். 4, 4, 8, 8 போட்டா ரெய்டு 5-ல 12 டெராபைட், எஸ்.எச்.ஆர்.ல 16.

4. சி.எம்.ஆர். டிஸ்க்தான் வேணும்னு கேளுங்க. எஸ்.எம்.ஆர். டிஸ்க்ல, ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒரு ட்ராக் மேல இன்னொண்ணு ஏறி இருக்கும். ஒண்ணை மாத்தி எழுத, பக்கத்துல இருக்கிறதையும் எழுதணும். இந்த மாதிரி வேலைக்கு நொண்டியடிக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலோட சில நாஸ் டிஸ்க்குகள் எஸ்.எம்.ஆர்.னு 2020-ல தெரிய வந்து பெரிய சர்ச்சையாகி, அப்புறம்தான் மாடல் லிஸ்ட் வெளியிட்டாங்க.

5. யு.பி.எஸ். கட்டாயம். பாதி அடுக்கும்போது கரன்ட் போனா தலைவலி.

6. பழைய கம்ப்யூட்டரையே நாஸ் ஆக்கி, இசட்.எஃப்.எஸ். போட்ட கில்லாடிகளே! ரெய்டு-இசட் கூட்டத்துல ஒத்தை டிஸ்க்கைச் சேர்க்கிற வசதி, 2025 ஜனவரியில வந்த ஓபன் இசட்.எஃப்.எஸ். 2.3-லதான் வந்துச்சு. உங்க வெர்ஷனைப் பார்த்துக்குங்க.

ரெண்டே ஸ்லாட் பெட்டியா? ஒண்ணைக் கழட்டி பெரிய டிஸ்க் போட்டு, அது முழுசா காப்பி ஆன பிறகு அடுத்ததை மாத்தணும். அவசரப்பட்டு ரெண்டையும் சேர்த்துக் கழட்டினீங்க... சங்குதான்!

செத்துப்போன டிஸ்க்குக்குப் பதிலா இன்னொண்ணு வாங்கி, தனியா ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் வாங்கினதுல என் ட்ரிப் காசு மொத்தமும் அம்பேல். அப்புறம்தான் அம்மாகிட்ட உண்மையைச் சொன்னேன். செம டோஸ் விழும்னு நினைச்சேன். அம்மா ஒண்ணுமே சொல்லலை. கையை நீட்டி அந்தப் பென்டிரைவை வாங்கி, பீரோ லாக்கர்ல நகைப் பெட்டிக்குப் பக்கத்துல வெச்சுப் பூட்டிட்டாங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம் ஃப்ரெண்ட்ஸ். அதுக்குள்ள ஒரு காப்பி போட்டுடுங்க. குடிக்கிற காபி இல்லை!