பெரிய பிரமிடும் அதன் கணக்கும்

எகிப்து தேசத்திலே கீஸா மேட்டில் நிற்கும் பெரிய பிரமிடைக் கேட்டும் கண்டும் வியவாதார் இலர். வியத்தல் குற்றமன்று, வியப்பின் மிகுதியால் அதனைக் கட்டிய மக்களையே மறந்துவிடுதல் குற்றமென்று சொல்லத் துணிகின்றேன். நம் மாணவருள் அதனைப் பற்றிப் பேசுவோரை இரு சாராராகக் காண்கின்றோம். ஒரு சாரார், அதன் அளவுகளிலே வட்டத்தின் விகிதமும், ஆண்டின் நாட்டொகையும், உலக முடிவின் காலமும் மறைபொருளாய்ப் பொறிக்கப்பட்டுள என்பர். மற்றொரு சாரார், கைப்பேசியிற் கண்ட காணொளிகளை நம்பி, வேற்றுலகினின்று வந்தார் எவரோ அதனைக் கட்டினர் என்பர். முன்னவர் பக்தர்போலவும் பின்னவர் புதுமை விரும்பிகள்போலவும் தோன்றினும், இருவர்க்கும் அடிப்படை ஒன்றே. ஏறக்குறைய 4,500 ஆண்டுகட்கு முன் கயிறும் கோலும் கொண்டு வேலை செய்த எகிப்தியர்க்கு இத்துணை நுட்பம் இருந்திராது என்பதே அவ்வடிப்படை. அதனை மறுத்துச் சில கூறுவேன்.

முதற்கண் அளவுகளை நோக்குவோம். 1925-ஆம் ஆண்டில் கோல் என்பார் வெளியிட்ட அளவையின்படி, கூஃபு மன்னனுடைய அப்பிரமிடின் அடிப்புறங்கள், வடக்கே 230.25 மீட்டரும், தெற்கே 230.45 மீட்டரும், கிழக்கே 230.39 மீட்டரும், மேற்கே 230.36 மீட்டரும் உள்ளன. மிக நீண்ட புறத்திற்கும் மிகக் குறுகிய புறத்திற்கும் வேற்றுமை 20 சென்டிமீட்டரே. நம் சாண் அளவினும் சிறிது குறைவு. இத்தனைக்கும் அடித்தளத்தின் நடுவே இயற்கைப் பாறைத் திட்டு வெட்டப்படாமலே விடப்பட்டிருந்தது. ஆதலின் மூலைக்கு மூலை கயிறு பிடித்துச் சதுரத்தைச் சோதிக்கும் எளிய வழியும் அவ்வேலையாட்களுக்கு இல்லாமற் போயிற்று. பாறையைச் சுற்றிக்கொண்டே அவர்கள் சதுரம் அமைத்தனர். வேற்றுலகினர் எவரேனும் அமைத்திருப்பின் அந்த 20 சென்டிமீட்டர்ப் பிழைதான் எதற்கு?

இனி, வட்டத்தின் விகிதம் பற்றிய கதை. எகிப்தியரின் அரச முழம் ஏறத்தாழ 52.4 சென்டிமீட்டர். ஒரு முழத்திற்கு 7 பிடி. ஒரு பிடிக்கு 4 விரல். இவ்வளவையாற் பார்ப்பின் பிரமிடின் ஒரு புறம் 440 முழம். ஆதியில் அதன் உயரம் 280 முழம். நாற்புறமும் கூட்டினால் 1,760 முழம். அதனை உயரத்தின் இருமடங்கால் வகுக்க வருவது 22-இன் கீழ் 7. நாம் பள்ளியிலே வட்டத்திற்குக் கற்ற எண் அதுவேயாதலின், இஃது எங்ஙனம் வந்தது என்று பலரும் மயங்குவர்.

வந்த வழி மிக எளியது. சாய்வை அளக்க எகிப்தியர் பாகைக் கணக்கைக் கொண்டாரல்லர். ஒரு முழம் உயரும்போது சுவர் எத்தனை பிடி உள்வாங்குகிறது என்பதே அவர்தம் கணக்கு. அதனைச் ‘செகெத்’ என வழங்கினர். பிரிட்டிஷ் பொருட்காட்சிச் சாலையிலுள்ள ரைண்ட் பாபிரசு என்னும் கணித ஏட்டில் 56-ஆம் கணக்கு முதலாகப் பிரமிடுகளின் செகெத்தைக் காணும் கணக்குகள் வருகின்றன. கூஃபுவின் பிரமிடில் அது ஐந்தரைப் பிடி. முழத்திற்கு ஐந்தரைப் பிடி என்று சாய்வை வைத்துவிட்டால், 22-உம் 7-உம் யாரும் அழையாமலே வந்து நிற்கும். ஏழு பிடி கொண்ட முழமே ஏழினைத் தந்தது. மைதூமில் உள்ள முந்திய பிரமிடும் இதே சாய்வுடையது. அதனுள் மறைபொருள் உண்டென்று கூறுவாரை யான் கண்டிலேன். கூஃபுவின் மகன் காஃப்ரே கட்டிய பக்கத்துப் பிரமிடோ ஐந்தேகாற் பிடிச் சாய்வுடையது. அதிலே 3, 4, 5 என்னும் பக்கங்களையுடைய செங்கோண முக்கோணம் தோன்றுமேயன்றி வட்டம் தோன்றாது. தந்தை அறிந்த அரிய இரகசியத்தை மகன் அதற்குள் மறந்தானோ? மேலும், அதே ரைண்ட் ஏட்டில் வட்டத்தின் பரப்புக்கும் ஒரு கணக்குண்டு. விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கைக் கழித்து, எஞ்சியதை அதனாலேயே பெருக்குக என்பது முறை. விட்டம் 9 ஆயின் பரப்பு 64. அதன்படி விகிதம் 3.16 ஆகுமேயன்றி 22-இன் கீழ் 7 ஆகாது. இவ்வேடு கூஃபுவுக்கு ஓராயிரம் ஆண்டு பிற்பட்ட பிரதி என்பதை மறைக்கவில்லை. எனினும், முன்னோர் நுட்பமாய் அறிந்ததைப் பின்னோர் பிழையாய் எழுதினர் என்பதற்கு யாதொரு சான்றும் இல்லை.

இங்கே நம்போன்ற வேதாகமம் கற்போர் கவனிக்கத்தக்க ஒரு சரித்திரம் உண்டு. 1859-ஆம் ஆண்டில் இலண்டனிலே ஜான் டெய்லர் என்னும் புத்தக வெளியீட்டாளர், எகிப்தை நேரிற் காணாமலே, பெரிய பிரமிடு தேவ ஏவுதலால் எழுந்ததென்று ஒரு நூல் எழுதினார். அதனைப் பின்பற்றியவர் சாமானியரல்லர். ஸ்காட்லாந்தின் அரச வானநூலாராயிருந்த சார்ல்ஸ் பியாஸி ஸ்மித் அவர். 1856-ஆம் ஆண்டிலேயே டெனரிஃப் தீவின் மலைமீது தொலைநோக்கியை ஏற்றி, உயர்ந்த இடத்தில் வானாராய்ச்சி சிறக்கும் என்று காட்டிய பெருமை அவர்க்குரியது. அத்தகைய அறிஞர், ‘பிரமிடு அங்குலம்’ என்றொன்றைக் கற்பித்து, 25 அங்குலம் ஒரு புனித முழமென்றும், பிரமிடின் ஒரு புறம் 365.24 புனித முழமென்றும், ஆகவே ஆண்டின் நாட்கள் அதிற் குறிக்கப்பட்டுள்ளன என்றும் எழுதினார். ஏசாயா தீர்க்கதரிசன நூலின் 19-ஆம் அதிகாரத்தில் எகிப்தின் நடுவே வரும் பலிபீடம் இதுவே என்றும் கூறினார். உள்வழிகளின் அங்குலங்கள் ஆண்டுகளாக எண்ணப்பட்டன. அவ்வழி சென்று கர்த்தருடைய வருகையையும் கணிக்கப் புகுந்தனர். மெய்யான விசுவாசமும் மெய்யான கல்வியும் ஒருங்கே உடைய ஒருவர் இங்ஙனம் தவறினார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு நகைப்பு வருவதில்லை, அச்சமே வருகின்றது.

அவரைத் திருத்தினவர் அவருடைய பகைவரல்லர். பிளிண்டர்ஸ் பீட்ரி என்னும் இளைஞர், ஸ்மித்தின் நூலை இளமையிலே விரும்பிப் படித்தவர். அவர் தந்தையாரும் ஸ்மித்தின் கொள்கையைப் போற்றியவர். அதனை நிலைநாட்டத்தக்க செம்மையான அளவுகளைப் பெறும் விருப்பத்தோடு 1880-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் கீஸா சென்றார். பாறையிற் குடைந்த பழங்கல்லறை யொன்றிலே குடியிருந்து, இரண்டு பருவங்கள் கருவி பிடித்து அளந்தார். ஸ்மித்தின் கொள்கைப்படி ஒரு புறம் ஏறக்குறைய 9,140 அங்குலம் இருத்தல் வேண்டும். பீட்ரி கண்டதோ 9,069. மூலைகளிலே பாறையில் வெட்டப்பட்ட குழிகளின் இடைத்தூரத்தை முன்னோர் அளந்திருந்தனர். தளத்தின் மேல் பிரமிடு தொடங்கும் கோடு அதனினும் உள்ளே இருந்தது. ஒவ்வொரு புறமும் 6 அடியளவு குறையவே, 365 நாட்களும் போயின. 1883-இல் பீட்ரி தம் நூலை வெளியிட்டார். தம் கொள்கைக்கு ஒவ்வாத ஒரு கற்புடைப்பை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவரைத் தாம் கண்டதாகவும் அவர் சொல்லியிருக்கின்றார். அளவுக்கேற்பக் கொள்கையைத் திருத்தாது, கொள்கைக்கேற்பக் கல்லைத் திருத்திய அம்மனிதரை யாம் எளிதில் மறத்தற்கில்லை.

வானநூற் பகுதியிலும் இத்தகைய மயக்கமுண்டு. பிரமிடின் இறங்குவழி ஏறத்தாழ 26½ பாகை சாய்ந்து வடவானத்தை நோக்குகின்றது. வானநூற் புலவர் ஜான் ஹெர்ஷல், முற்காலத்தில் துருவத்தை அடுத்திருந்த தூபன் என்னும் விண்மீன், துருவத்தின் கீழாகச் செல்லும்போது இவ்வழிக்கு நேரே நின்றிருக்கும் எனக் கணித்தார். அதனைக் கொண்டு ஸ்மித், பிரமிடு கி.மு. 2170-இல் எழுந்தது என்றார். இன்று கூஃபுவின் காலம் அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டதெனத் தெளிந்துவிட்டது. அவன் நாளிலே தூபன் அவ்வழிக்கு நேரே நிற்கவில்லை. பின்னர் அச்சாய்வு எற்றுக்கு? இரண்டு முழம் முன்செல்ல ஒரு முழம் இறங்குக என்று தச்சர்க்குக் கட்டளையிட்டால் 26½ பாகைதான் வரும். கூஃபுவின் தந்தை ஸ்நெஃப்ரு கட்டிய பிரமிடுகளின் வடக்கு வாயில்வழிகளும் இதனை யடுத்த சரிவுடையனவே.

இதனால் எகிப்தியர் வானத்தை நோக்கவில்லை என்று யான் கூறுவதாகக் கொள்ளற்க. பிரமிடு திசைநோக்கி நிற்கும் செம்மையே அவர்தம் வான அறிவுக்குப் போதிய சான்று. கூஃபுவின் பிரமிடு மெய்வடக்கினின்று விலகியது 4 கலைக்கும் குறைவு. ஒரு பாகைக்கு 60 கலை என்பதை நினைக்க. காந்த ஊசி இல்லாத காலத்தில் இதனை வானமன்றி வேறெதுவும் காட்டியிராது. ஆனால் எம்முறையாற் கண்டனர் என்பதிலே அறிஞர் இன்னும் ஒருப்படவில்லை. 2000-ஆம் ஆண்டில் கேட் ஸ்பென்ஸ் என்னும் அம்மையார், துருவத்தின் இருபுறத்தும் நின்ற கொச்சாப், மிஸார் என்னும் இரு விண்மீன்கள் தூக்குநூலிலே ஒருங்கே படும் வேளையில் வடக்கைக் குறித்தனர் என்றார். மிஸார் என்பது நம் திருமணங்களிற் காட்டப்படும் அருந்ததியை யடுத்த வசிட்டனே. பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் அக்கோடு ஆண்டுதோறும் சிறிது பிறழும்; பிரமிடுகளின் பிழைகளும் அங்ஙனமே மாறி வருதலை அவர் காட்டினார். அழகிய கொள்கை, எனினும் காஃப்ரேயின் பிரமிடு போல்வனவற்றை வேறொரு பருவத்திற் குறித்தனர் என்று கொண்டாலன்றி அது பொருந்துவதில்லை.

கிளென் டாஷ் என்பவரோ, 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், இரவும் பகலும் ஒத்த அன்று, அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு கோலை நட்டு, நாள் முழுதும் அதன் நிழல் நுனியைக் குறித்து வந்தார். அக்குறிகள் கிழக்கு மேற்காகக் கிட்டத்தட்ட நேர்கோடாயின. அக்கோடு இடப்புறமாகச் சிறிது திரும்பியிருந்தது. கூஃபு, காஃப்ரே இருவர் பிரமிடுகளும், ஸ்நெஃப்ருவின் செந்நிறப் பிரமிடும் அவ்வாறே இடப்புறமாகத் திரும்பியுள்ளன. நம் நாட்டிலும் சங்கு நட்டு நிழலால் திசை காணும் முறையை மயமதம் முதலிய சிற்ப நூல்கள் விதிக்கின்றன. யான் நிழலின் பக்கமே சாய்கின்றேன். எவ்வாறாயினும், இவ்விருவரும் செய்தது ஒன்று: எகிப்தியர் செய்த சிறு பிழையைப் பற்றிக்கொண்டு அவர் கை சென்ற வழியைத் தேடினர். மறைபொருள் காண்பாரோ அப்பிழையைக் காணவே விரும்புவதில்லை.

1994-இல் ராபர்ட் பவால், ஏட்ரியன் கில்பர்ட் என்பார் எழுதிய நூலால் பரவிய கொள்கையொன்று இன்றும் நம் மாணவரிடையே செல்வாக்குடையது. கீஸாவின் மூன்று பிரமிடுகளும் ஓரியன் மண்டலத்துக் கச்சையின் மூன்று விண்மீன்களின் படிவம் என்பது அது. ஓரியனை எகிப்தியர் போற்றியது மெய். மன்னன் விண்மீன்களோடு சேர்வான் என்பதும், வடவானில் மறையாத விண்மீன்களை அழியாதவை என்று கொண்டதும், ஏறக்குறைய இருநூறு ஆண்டு பிற்பட்ட ஊனாஸ் மன்னனின் பிரமிடுச் சுவர்களில் எழுதப்பட்டுள்ளன. ஆயினும் கூஃபுவுக்குப் பின் அரியணை ஏறிய அவன் மகன் ஜெதெஃப்ரே தன் பிரமிடைக் கீஸாவிற் கட்டவில்லை. வடக்கே சில கல் தொலைவிலுள்ள அபு ரவாஷில் கட்டினான். முன்னமே வரைந்த விண்மீன் திட்டம் ஒன்று இருந்திருப்பின், இரண்டாம் மன்னனே அதனைக் கைவிட்டானாவான்.

இவற்றிற்கெல்லாம் மேலாக எனக்குத் தோன்றும் சான்று 2013-ஆம் ஆண்டில் கிடைத்தது. செங்கடற் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்னுமிடத்தில் பியர் தாலே என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளரின் குழுவினர், கூஃபுவின் ஆட்சியின் இறுதியில் எழுதப்பட்ட பாபிரசு ஏடுகளைக் கண்டெடுத்தனர். அவற்றுள் ஒன்று மெரர் என்னும் மேற்பார்வையாளனது நாட்குறிப்பு. ஏறத்தாழ 40 பேர் கொண்ட குழுவுடன் அவன் நைல் நதியின் அக்கரையிலுள்ள தூராவிற் சுண்ணாம்புக் கற்களைப் படகிலேற்றிக் கீஸாவுக்குக் கொண்டுவந்தான். பிரமிடுக்கு அவன் எழுதும் பெயர் ‘கூஃபுவின் தொடுவானம்’. அதன் சாய்வு எத்தனை பிடி என்றோ, எந்த விண்மீனை நோக்குகிறது என்றோ அவன் எழுதவில்லை. இன்ன நாளிற் கல்லேற்றினோம், இன்ன நாளிற் புறப்பட்டோம், இன்ன இடத்தில் இரவு தங்கினோம் என்று நாள்தோறும் தவறாமல் எழுதி வைத்திருக்கின்றான்.