வரைகிற பிள்ளையும் வலிமையான தகப்பனும்



பள்ளி விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் உள்ள எங்கள் வீட்டில் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் கூடியிருந்தார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கணினியில் ஓர் அனிமேஷன் படத்தைப் போட்டாள். 2010-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' என்ற படம் அது. டிராகன் என்றவுடன் நம்மில் பலருக்கு வெளிப்படுத்தின விசேஷத்தின் வலுசர்ப்பம் நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. நிறுத்தச் சொல்லும் எண்ணத்தோடுதான் அருகில் போய் அமர்ந்தேன். படம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

பெர்க் என்னும் தீவில் வாழும் வைக்கிங் மக்களின் கதை இது. தங்கள் ஆடுகளைக் கொள்ளையிடும் டிராகன்களைக் கொல்வதே அங்கே வீரத்திற்கு அடையாளம். ஊர்த் தலைவர் ஸ்டாயிக் மலைபோன்ற உடல் உடையவர். அவருடைய ஒரே மகன் ஹிக்கப்போ ஆயுதம் தூக்கவே தடுமாறுகிறவன். ஆனால் கொல்லன் பட்டறையில் எடுபிடி வேலை செய்துகொண்டே புதிய கருவிகளை யோசிக்கிறான். குறிப்பேட்டில் ஓயாமல் வரைகிறான். அவன் செய்த கருவியால் ஒரு கறுப்பு டிராகன் வீழ்கிறது. அதைக் கொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அதன் வால்துடுப்பில் ஒரு பாதி இல்லாததால் பறக்க இயலவில்லை என்று கண்டு, பட்டறையில் செயற்கைத் துடுப்பு ஒன்றைச் செய்து பொருத்துகிறான்.

ஒரு காட்சி என் உள்ளத்தை அசைத்தது. ஹிக்கப் ஒரு குச்சியால் மண்ணில் டிராகனின் முகத்தை வரைகிறான். அதைப் பார்த்த டிராகனும் ஒரு மரக்கிளையைக் கவ்விக்கொண்டு மண்ணெங்கும் கோடுகள் இழுக்கிறது. அவன் தெரியாமல் ஒரு கோட்டை மிதித்தவுடன் உறுமுகிறது. பின்பு அவன் எதையும் மிதிக்காமல், கோடுகளுக்கு இடையே பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறான்.

என் தகப்பனார் கொத்தனார். தர்மபுரிப் பக்கத்திலிருந்து எங்களைப் பெங்களூருக்கு அழைத்து வந்தவர். விடுமுறை நாட்களில் என்னையும் வேலைக்குக் கூட்டிச் செல்வார். கலவைச் சட்டியைத் தூக்கினால் எனக்குக் கை நடுங்கும். மணற்குவியலைக் கண்டாலோ, ஒரு கம்பித்துண்டால் வீடும் மரமும் வரைந்துகொண்டிருப்பேன். "உழைக்கத் தெரியாத பிள்ளை" என்று அவர் எல்லோர் முன்பாகவும் சொன்னது ஒரு நாள். நான் வரைந்ததைக் காலால் கலைத்தது மற்றொரு நாள். அவர் கொடியவர் அல்லர். இந்த ஊரில் கைப்பலம் ஒன்றே தம் பிள்ளைக்குச் சோறு போடும் என்று அஞ்சினவர். அந்த அச்சத்தைப் புரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயதாயிற்று.

ஸ்டாயிக்கும் கொடியவர் அல்லர். ஆயினும் மகன் டிராகனோடு நட்புக்கொண்டதை அறிந்ததும், அவன் தம் மகனே அல்லன் என்று தள்ளிவிடுகிறார். பின்பு வருந்தி மன்னிப்புக் கேட்கிறார். ஆனால் அதன் பின் நடந்த போரில் மகன் ஒரு காலை இழந்துவிடுகிறான்.

நம் சபைகளில் ஆவியின் நிறைவைக் குறித்து மிகுதியாகப் பேசுகிறோம். யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் பெசலெயேல் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டது எதற்காக? பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்வதற்கும், இரத்தினங்களை வெட்டிப் பதிப்பதற்கும், மரத்தைச் செதுக்குவதற்கும் அல்லவா? ஆண்டவர் அவனைப் பெயர்சொல்லி அழைத்தது ஆசரிப்புக் கூடாரம் முடிந்து எல்லோரும் வியந்த பிறகு அல்ல. ஒரு பலகையும் அறுக்கப்படுவதற்கு முன்பே. வெற்றி பெற்ற பிள்ளையைப் பாராட்ட ஊரே வரும். அதற்கு முன்பே அறிந்துகொள்வது பெற்றோரின் பங்கு.

என் மகள் அனிமேஷன் படிக்க விரும்புகிறாள். இத்தகைய படங்களில் நம் ஊரின் கைகளும் உண்டு. இதே ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட 'புஸ் இன் பூட்ஸ்' படத்தின் ஒரு பகுதி, பெங்களூரில் டெக்னிகலர் நிறுவனத்தில் உருவானது. அந்த டெக்னிகலர் 2025 பிப்ரவரியில் வீழ்ந்தபோது, இந்தியாவில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்ததும் உண்மை. ஆகவே தகப்பனாரின் அச்சம் இன்று என்னிடத்திலும் உண்டு. அதை மகளிடம் மறைக்கவில்லை. கணக்குப் பாடத்தைக் கைவிடாதே என்றேன். 'வீண் வேலை' என்ற சொல் இனி என் வாயில் வராது என்றும் சொன்னேன்.

அன்று என் தகப்பனாரும் எங்களோடு இருந்தார். அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. பேத்தியின் படநோட்டைக் கேட்டு வாங்கினார். எங்கள் தெரு வீடுகளை அவள் வரைந்திருந்த பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து, "நிலைவாசலுக்குத் தூக்குச் சரியாக இருக்கிறது, அம்மா" என்றார். மணலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் கண்கள் நிறைந்தன.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் மற்றவர்களைப் போலல்லாத ஒரு பிள்ளை இருக்கலாம். வரைகிறவனோ, பாட்டுக் கட்டுகிறவளோ, பழைய வானொலியைப் பிரித்துப் பார்க்கிறவனோ. இந்த மாதம் ஒரு மாலை அப்பிள்ளையின் அருகில் உட்காருங்கள். திருத்த வேண்டாம். என்ன செய்கிறாய் என்று கேட்டு, சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். பிள்ளைகள் இழுத்த கோடுகளை மிதிக்காமல் நடக்க நாமும் கற்றுக்கொள்வோம்.