தரகர் யாருடைய மனிதர்?

ஆவடியில் மனையும் வீடும் வாங்குவோர் பெரும்பாலும் பணக்காரர்கள் அல்லர். கனரக வாகனத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள், பட்டாளத்திலிருந்து பென்ஷனுடன் திரும்பியவர்கள், தினந்தோறும் ரயிலேறிச் சென்னைக்குச் சென்று வரும் குமாஸ்தாக்கள் ஆகியோரே அங்கே குடியேற விரும்புகிறார்கள். 2019-ம் வருஷத்தில் ஆவடி மாநகராட்சியாக உயர்ந்தது முதல் மனை விலையைப் பற்றிய பேச்சும் உயர்ந்திருக்கிறது. இவர்களில் அநேகர் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுவார்கள். அந்த ஒரு முறைக்கு அவர்கள் முழுதும் நம்பியிருப்பது ஒரு தரகரை. அத்தரகர் யாருடைய மனிதர் என்பதே நாம் இன்று கேட்கும் கேள்வி.

தரகுத் தொழிலை நாம் இழிவாகக் கருதவில்லை. விற்க விரும்புகிறவனையும் வாங்க விரும்புகிறவனையும் ஒன்று சேர்ப்பது உபயோகமான காரியமே. அதற்குக் கூலி கொடுப்பதும் நியாயமே. ஆனால் நமது மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டுக்குள் கையை மறைத்து விரல்களால் விலை பேசும் வழக்கத்தை நேயர்கள் அறிவார்கள். மாடு வாங்குகிறவனுக்கு மாடாவது கண்ணெதிரே நிற்கிறது. பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். மனையின் பல்லை எங்ஙனம் பார்ப்பது? அதன் குணமும் குற்றமும் காகிதத்தில் இருக்கின்றன. அந்தக் காகிதங்களைப் படிக்கத் தெரிந்தவர் தரகர் ஒருவரே. அவரோ வாங்குகிறவரிடம் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ கமிஷன் பெறுகிறார், விற்கிறவரிடமும் பெறுகிறார், அதுவும் கிரயம் முடிந்தால்தான் பெறுகிறார். “இந்த மனை வேண்டாம், வில்லங்கம் இருக்கிறது” என்று சொன்னால் அவர் கைக்கு ஒரு காசும் வராது. உண்மை சொல்லுகிறவன் நஷ்டமடையும்படி ஏற்பட்ட ஒரு முறையில், தரகர்களின் நற்குணத்தை மட்டும் நம்பி ஜனங்கள் வீடு வாங்க வேண்டியிருக்கிறது.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2016-ல் பார்லிமெண்டு நிறைவேற்றி, 2017 மே மாதம் முதல் முழுதும் அமலுக்கு வந்த ரியல் எஸ்டேட் சட்டம் தரகர்களைப் பதிவு செய்துகொள்ளும்படி கட்டளையிடுகிறது. பதிவின்றித் தொழில் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம் அபராதம். கட்டடம் கட்டுகிறவர் ஒப்பந்தத்தை ரிஜிஸ்தர் செய்யாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தின் விதி. இவை நல்ல விதிகளே. ஆனால் இச்சட்டத்தின் வேலியில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாவிட்டாலும், அல்லது வீடுகள் எட்டுக்கு மேற்படாவிட்டாலும், அத்திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. 500 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்குச் சற்று அதிகம். ஆவடியின் தெருக்களில் ஒரு கிரவுண்டிலும் இரண்டு கிரவுண்டிலும் நான்கு வீடு, ஆறு வீடு என்று எழும் கட்டடங்கள் எல்லாம் இந்த இடைவெளி வழியே வெளியே போய்விடுகின்றன. ஒருவர் குடியிருந்த பழைய வீட்டை மற்றொருவருக்கு விற்பதற்கும் இச்சட்டம் பொருந்தாது. தரகரின் பதிவும் பதிவு பெற்ற திட்டங்களை விற்பதற்குத்தான் கட்டாயம். ஆகவே, எந்த ஏழை எந்தச் சிறு மனையை வாங்குகிறானோ அவனுக்கே பாதுகாப்பு இல்லை!

சர்க்கார் தன் பங்கை வசூலிப்பதில் மாத்திரம் இடைவெளி வைக்கவில்லை. 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஏழு, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு இரண்டு. ஐம்பது லட்சம் ரூபாய்க் கிரயத்துக்கு நாலரை லட்சம். இவ்வளவு வாங்கிக்கொண்டு சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ் தருவது பத்திரம் பதிவாயிற்று என்ற சான்றேயன்றி, விற்றவருக்கு விற்க உரிமை இருந்தது என்ற உறுதியன்று. இந்த வித்தியாசத்தை எத்தனை தரகர்கள் வாங்குகிறவரிடம் விளக்கிச் சொல்லுகிறார்கள்? வில்லங்கச் சான்று சுத்தமாயிருக்கிறது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பதிவான பத்திரங்களே அச்சான்றில் தெரியும். பதிவாகாத பாகத் தகராறும், கோர்ட்டில் நடக்கும் வழக்கும் அதில் தெரிய வேண்டுமென்பதில்லை. பொது அதிகாரப் பத்திரத்தைக் கிரயத்துக்குப் பதிலாகக் காட்டி விற்கும் வழக்கம் பாத்தியதையை மாற்றாது என்று சுப்ரீம் கோர்ட் 2011-லேயே தீர்ப்புக் கூறிவிட்டது.

ஆவடிக்கு மற்றோர் அபாயமும் உண்டு. பருத்திப்பட்டு ஏரி, விளிஞ்சியம்பாக்கம் ஏரி என்று நீர்நிலைகள் சூழ்ந்த ஊர் அது. வயலும் வாய்க்காலும் இருந்த இடத்தில் கல் நட்டு மனைகளாக்கி நகர் என்று பெயர் சூட்டுவது சென்னையைச் சுற்றிலும் நெடுங்காலம் நடந்தது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யலாகாது என்று சென்னை ஹைகோர்ட் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, ஏற்கெனவே அத்தகைய மனை வாங்கியிருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். மறு வருஷம் சர்க்கார் வரன்முறைத் திட்டம் கொண்டு வந்து கட்டணம் பெற்றுக்கொண்டது. மனை விற்றுக் கமிஷன் வாங்கியவர்களை யாரும் தேடவில்லை. நீர்நிலைப் புறம்போக்கானால் வரன்முறையும் கிடையாது. ஏரிகளைக் காக்கும் 2007-ம் வருஷச் சட்டப்படி வெளியேற்றம்தான். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் எங்கெங்கே நின்றதென்பது அவ்வூர்ப் பழங்குடிகள் எல்லோருக்கும் தெரியும். தரகருக்கும் தெரியும். வெயில் காலத்தில் மனை காட்டுகிறவர் அதை வாய்விட்டுச் சொல்லுவாரா?

1955 ஜனவரியில் இதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ்டு மாதிரியான சமுதாயமே நமது லட்சியம் என்று தீர்மானித்தது. அவ்வூரில் இன்று ஒரு தொழிலாளி தலைக்கு மேல் கூரை தேடுவதற்கு இத்தனை கண்ணிகளைக் கடக்க வேண்டியிருக்கிறது என்பதை அரசியல்வாதிகள் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டு சர்க்கார் செய்யவேண்டியது தெளிவு. சிறிய கட்டடம், பழைய வீடு, தனி மனை என்ற பேதமின்றித் தரகு பெறும் ஒவ்வொருவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். யாரிடம் எவ்வளவு கமிஷன் பெற்றார் என்பதைக் கிரயப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். மறைத்த வில்லங்கம் பின்னர் வெளிப்பட்டால் பெற்ற கமிஷனைத் திருப்பிக் கொடுப்பதோடு நஷ்டத்துக்கும் அவர் ஜவாப்தாரியாக வேண்டும். யோக்கியமான தரகர்கள் இதை எதிர்க்கக் காரணமில்லை. அவர்களது தொழிலுக்கு இது கௌரவமே தரும்.

சட்டசபை இதைச் செய்யும் வரையில் ஊர்த் தொண்டர்கள் சும்மா இருக்க வேண்டுமென்பதில்லை. தேர்தல் காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்கள், வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்கலாம். சர்வே எண்ணைக் கொண்டு ‘அ’ பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டையும், புல வரைபடத்தில் வாய்க்கால் ஓடும் இடத்தையும் பார்த்துச் சொல்லப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மூலப் பத்திரங்களை மட்டும் ஒரு வக்கீலிடம் காட்ட வேண்டும். அவர் தரகர் அழைத்து வந்த வக்கீலாக இருக்கக் கூடாது. இவ்வளவும் முன்பணம் கைமாறுவதற்கு முன்னர் நடக்க வேண்டும்.