வழிப்புனைவில் பெயரீடு: பொன்னியின் செல்வனைத் தொடரும் ரசிகர் புனைகதைகளை முன்வைத்து

முன்னுரை

ஒரு நூலைப் படித்து முடித்த வாசகர் அந்நூல் படைத்துக்காட்டிய உலகினின்று நீங்க மனமின்றி, அவ்வுலகிலேயே தாமும் ஒரு கதை புனைவது இன்று ரசிகர் புனைகதை என்னும் பெயரால் வழங்குகிறது. தமிழில் இவ்வகைப் புனைவுக்குப் பெருங்களமாக அமைந்திருப்பது கல்கியின் பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வெளிவந்த அந்நாவலுக்கு விக்கிரமனின் நந்திபுரத்து நாயகி, அனுஷா வெங்கடேஷின் காவிரி மைந்தன் முதலிய தொடர்ச்சி நாவல்கள் தோன்றியுள்ளன. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் நாவலின் திரை வடிவம் இரு பாகங்களாக வெளிவந்தது. இளம் வாசகர்கள் பலர் அவ்வழியே முதனூலுக்கு வந்து, பின்னர்த் தாமும் எழுதத் தொடங்கினர்.

இப்புனைவுகளில் வந்தியத்தேவனும் குந்தவையும் முதனூலிலிருந்தே வருகின்றனர். அவர்களோடு உரையாடவும் பகைக்கவும் துணைநிற்கவும் எழுத்தாளர் புதிய மாந்தரைப் படைக்க வேண்டியுள்ளது. அப்புதுமாந்தருக்கு எப்பெயரை இடுவது என்னும் வினா எளியதாகத் தோன்றினும், ஆய்வுலகம் கருத்தூன்ற வேண்டிய ஒன்றாகும். புதுமாந்தர்க்கு இடும் பெயர் அலங்காரமன்று. காலம், நிலம், குடி, தொழில் ஆகியவற்றைப் பற்றி எழுத்தாளர் முன்வைக்கும் கூற்று அது. அக்கூற்றுக்குரிய சான்றுகளை எழுத்தாளர் கைக்கு எட்டச் செய்யாதிருப்பது தமிழ்த்துறைகளின் குறை என்பதே இங்கு வலியுறுத்தப்படும் கருத்து.

வழிநூல் மரபும் புதுமாந்தரும்

முதல்நூலைத் தழுவி வழிநூல் செய்வதைத் தொல்காப்பிய மரபியல் இலக்கணப்படுத்தியுள்ளது. நன்னூலார் அதனொடு சார்புநூலையும் சேர்த்து மூவகைப்படுத்துவார். தழுவி எழுதுதல் தமிழ் மரபுக்கு அயலான செயலன்று. எனினும் இவ்விலக்கணங்கள் பொருளைத் தொகுத்தலையும் விரித்தலையும் மொழிபெயர்த்தலையும் பேசுகின்றனவே அன்றி, முதனூலில் இல்லாத ஒருவரை வழிநூலுள் புகுத்துவதைத் தனித்துப் பேசவில்லை.

இலக்கணம் பேசாததை வழக்கு செய்துகாட்டியுள்ளது. மரபாகப் புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை முதலிய கதைப்பாடல்கள் பாரதத்தை முதலாகக் கொண்டு, வியாசர் அறியாத மாந்தரை அதனுள் உலவவிட்டன. அருச்சுனனை எதிர்த்து நின்று பின்னர் மணக்கும் பாண்டி நாட்டரசிக்கு அக்கதை மரபு இட்ட பெயர் அல்லி. பாரதத்துச் சித்திராங்கதையோடு அவளை இணைத்துக் காண்பாரும் உளர். ஆயினும் பாடலைக் கேட்டவர் நெஞ்சில் நின்றது வடமொழிப் பெயரன்று. நீர்நிலையில் பூக்கும் பூவின் பெயரே. பவளக்கொடி என்பதும் கடல்படு பொருளால் அமைந்த பெயர். வந்தேறிய வீரன் அருச்சுனன் என்பதையும், அவன் வந்து சேர்ந்த நிலம் தென்னாடு என்பதையும் இப்பெயர்களே கேட்போர்க்கு உணர்த்திவிடுகின்றன. புதுமாந்தர் பெயர் முதனூலின் உலகோடு ஒட்டியும் தன் நிலத்தை விட்டுக்கொடுக்காமலும் அமைவதற்கு இது சிறந்த முன்மாதிரி.

மறுதலையாக, பெயரிடாமையும் தமிழ் மரபே. அகத்திணையில் தலைமக்களைச் சுட்டிப் பெயர் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் வந்தவுடன் அது ஒருவரது வரலாறாகிப் பொதுமை கெடும் என்பதே அதன் உட்கிடை. ஒரு காட்சியில் மட்டும் தோன்றி மறையும் ஓடக்காரனுக்கும் காவலனுக்கும் பெருமிதப் பெயர் சூட்டுவோர் இவ்விதியை எண்ணிப் பார்த்தல் நன்று. கல்கியே குடந்தை சோதிடரைத் தொழிலாலும் ஊராலும் மட்டுமே அறிமுகம் செய்து, நாவல் முழுதும் நினைவில் நிற்கச் செய்துள்ளார்.

முதனூலின் பெயர்முறை

கல்கியின் மாந்தர் பெயர்கள் மூன்று ஊற்றுக்களிலிருந்து வருகின்றன. முதலாவது கல்வெட்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகக் குறிக்கிறது. அச்சிறு குறிப்பே ஐந்து பாகங்களுக்கும் உரிய நாயகனைத் தந்தது. ஆதித்த கரிகாலன் கொலையோடு தொடர்புடையோரைக் கூறும் உடையார்குடிக் கல்வெட்டு இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்று பட்டங்களோடு கூறுகிறது. நாவலின் சதிகாரர்கள் பட்டம் நீங்கிய வெறும் பெயரோடே நடமாடுகின்றனர். இரண்டாவது ஊற்று இலக்கியமும் சமயமும். கடம்பூர் இளவரசி மணிமேகலை, ஆழ்வார்க்கடியான், சேந்தன் அமுதன் என்பன இவ்வகையின. மூன்றாவது நிலம். கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலருக்குத் தியாகவிடங்கர் என்று பெயர். விடங்கர் வழிபாட்டுக்குரிய ஏழு தலங்களுள் ஒன்றான திருமறைக்காடு அக்கரையை அடுத்தே உள்ளது என்பதை அறிந்தார்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

கல்கியிடம் நெகிழ்ச்சியும் உண்டு. நந்தினி, பூங்குழலி ஆகியன கற்பனைப் பெயர்கள். இராக்கம்மாள் என்பதில் பிற்கால வழக்கின் ஓசை கேட்கிறது. எனினும் நாவல் நம்பகம் இழக்கவில்லை. ஏனெனில் கற்பனைப் பெயர்கள் சான்றுடைய பெயர்களுக்கு நடுவே, அவற்றின் பலத்தில் நிற்கின்றன. வழிப்புனைவு எழுதுவோர் பலர் கல்கியிடமிருந்து மேற்கொண்டது மூன்றாம் நாளைய பூக்களைப் போன்ற இக்கற்பனைப் பெயர்களை மட்டுமே. அவற்றைத் தாங்கிய வேரைக் காணவில்லை.

பெயருக்கும் காலம் உண்டு

இதன் விளைவாகப் பத்தாம் நூற்றாண்டுச் சோழநாட்டில் கயல்விழியும் இளவேனிலும் தமிழ்ச்செல்வனும் நடமாடுகின்றனர். இவை அழகிய பெயர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இத்தகைய பெயர்கள் ஆட்பெயராகப் பெருவழக்குப் பெற்றது இருபதாம் நூற்றாண்டில். வேதாசலம் மறைமலையடிகள் ஆனதும், பரிதிமாற்கலைஞர் தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்டதும், பின்னர் ஆயிரக்கணக்கான பெற்றோர் தம் மக்களுக்குத் தமிழ்ப்பெயர் இட்டதும் ஒரு பெரும் பண்பாட்டு இயக்கத்தின் பேறுகள். அப்பெயர்களைச் சோழர் காலத்துக்குப் பின்னோக்கி ஏற்றும்போது, அவ்வியக்கத்தின் உழைப்பே மறைந்துபோகிறது. என்றும் இப்படியே இருந்தது என்ற மயக்கம், எவரோ போராடிப் பெற்றது என்ற உண்மையை விழுங்கிவிடுகிறது. தமிழ்ப்பெயர்கள் மீதுள்ள பற்றே அவற்றின் வரலாற்றை மதிக்கச் சொல்லும்.

பட்டப்பெயரில் இப்பிழை இன்னும் வெளிப்படையானது. பெருந்தச்சன் குஞ்சரமல்லனுக்கு இராசராசப் பெருந்தச்சன் என்றும், சேனாபதி கிருஷ்ணன் இராமனுக்கு மும்முடிச்சோழப் பிரமராயன் என்றும் பட்டம் வழங்கியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இவை ஆளும் மன்னன் பெயரைத் தாங்கியவை. முதலாம் இராசராசன் அரியணை ஏறியது 985 இல். சுந்தர சோழன் காலத்துக் கதையில் இராசராச என்னும் முன்னொட்டுடன் ஓர் அதிகாரி தோன்றினால், பிறவாத பட்டத்தை அவர் சூடியவராகிறார்.

பெயர் அடுக்கும் முறையும் கருதத்தக்கது. சிறப்புப்பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் வருதல் தொல்காப்பியர் கூறும் நெறி. கல்வெட்டோ தந்தை பெயர், தன் பெயர் என இரண்டையும் கூறி, ‘ஆன’ என்னும் சொல்லால் பட்டத்தைப் பின்னர்ச் சேர்க்கிறது. ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் என்னும் பெயரில் ஒருவருடைய தந்தை, தாம், அரசு அவருக்களித்த மதிப்பு ஆகிய மூன்றும் அடங்குகின்றன. ஒரு மாந்தர் பட்டம் பெறும் தருணத்தைக் கதையின் திருப்பமாக ஆக்கவும், பட்டம் பறிக்கப்பட்டவரை இயற்பெயரால் அழைத்து இழிவுறச் செய்யவும் இம்முறை வாய்ப்பளிக்கிறது. இத்தகைய கருவியைக் கைவிட்டு, ஓசைநயம் ஒன்றையே தேடுவது புனைவுக்கே இழப்பு.

பெயர் பெற்ற எளியோர்

கல்வெட்டுப் பெயர்கள் அரசரையும் அதிகாரியையும் மட்டும் தருவன என்பது தவறான எண்ணம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் கொணர்ந்து குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களைக் கல்வெட்டொன்று தெருவும் வீடும் முன்பிருந்த கோயிலும் சுட்டி நிரல்படுத்துகிறது. ஒருவர்க்கு ஒரு பங்காக ஆண்டுக்கு நூறு கலம் நெல் வகுக்கப்பட்டது. அப்பெண்களின் பெயர் முன் ‘நக்கன்’ என்னும் சிவன் பெயர் நிற்கிறது. சேரமங்கை, எடுத்தபாதம் முதலியன அப்பட்டியலில் காணும் பெயர்கள். எடுத்தபாதம் என்பது ஆடல்வல்லானின் தூக்கிய திருவடி. ஆடற்கலையைத் தொழிலாகக் கொண்ட ஒரு பெண்ணுக்கு இதனினும் பொருந்திய பெயரை எந்தக் கற்பனையாளரும் எளிதில் கண்டுவிட இயலாது. விளக்கொன்றுக்குத் 96 ஆடு என்னும் கணக்கில் கோயில் மந்தையை ஏற்றுக்கொண்ட இடையர்களின் பெயர்களும் அவ்வாறே கல்லில் உள்ளன.

இங்கேதான் பெயரீட்டின் அறம் வெளிப்படுகிறது. சோழர் வரலாற்றைப் புனைவாக்கும் நூல்களில் அரண்மனைக்கு வெளியே வாழ்ந்தோர் பெரும்பாலும் ‘ஒரு பணிப்பெண்’, ‘ஓர் இடையன்’ என்றே கடந்துபோகின்றனர். வரலாறு பெயரோடு பதிந்துவைத்தவரைப் புனைவு பெயரற்றவராக்குகிறது. ரசிகர் புனைகதை முதனூலின் ஓரத்தில் நிற்போரை நடுவுக்குக் கொணரும் இயல்புடையது. அவ்வியல்பு பயன்கொள்ள வேண்டுமாயின், ஓரத்தில் நின்றோரின் உண்மைப் பெயர்முறையை அறிவதே முதற்படி.

மறுப்புகளும் விடைகளும்

புனைவு வரலாறன்று; பெயரிடும் உரிமை எழுத்தாளருடையது என்பது முதல் மறுப்பு. உரிமையை யாரும் மறுக்கவில்லை. தெரிந்து மீறுதல் வேறு, தெரியாமல் வழுவுதல் வேறு. முதலாவது கலை, இரண்டாவது கைக்கெட்டாத சான்றின் விளைவு.

கல்வெட்டுப் பெயர்கள் நீண்டவை, இக்கால வாசகரின் நாவுக்கு வாரா என்பது இரண்டாவது. கல்கி பட்டத்தை நீக்கி இரவிதாசனை மட்டும் எடுத்துக்கொண்டது இதற்கு விடை. மேலும் சுந்தரர் வரலாற்றிலிருந்து வந்து, இராசேந்திர சோழன் காலத்து அணுக்கியார் பரவை நங்கையிடமும் வழங்கிய ‘பரவை’ என்னும் பெயர் எந்த நாவுக்கும் இடர் தராது. கேட்போர் மறந்த எளிய பெயர்கள் இவ்வாறு பல உள.

மூன்றாவது மறுப்பு கனமானது. அக்காலப் பெயர்கள் குடியையும் சாதிநிலையையும் வெளிப்படையாகத் தாங்கியவை. அவற்றை மீட்பது ஏற்றத்தாழ்வை மீட்பதாகாதோ என்பது அது. இவ்வச்சம் நியாயமானது, ஆயின் இதற்குத் தீர்வு மறைத்தலன்று. எல்லா மாந்தருக்கும் ஒரே வகை இனிய பெயரை இட்டுவிட்டால், வேளானும் பட்டனும் இடையனும் அடிமையாகக் கோயிலுக்கு விற்கப்பட்டவரும் சமமாய் வாழ்ந்த பொற்காலம் ஒன்று வாசகர் மனத்தில் உருவாகும். அது சாதியைக் கடந்த உலகமன்று. சாதியைக் காணாத உலகம். பெயரில் படிந்த ஏற்றத்தாழ்வைக் காட்டி, அதனைக் கதைக்குள் கேள்விக்கு உட்படுத்துவதே நேர்மையான வழி.

ஆங்கில ரசிகர் புனைகதை உலகில் 1973 இல் பாலா ஸ்மித் எழுதிய பகடிக்கதையின் நாயகி மேரி சூவின் பெயர், குறையே இல்லாத புதுமாந்தரைக் குறிக்கும் விமரிசனக் கலைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. முதனூல் மாந்தர் அனைவரையும் விஞ்சி நிற்கும் புதுமாந்தரைத் தமிழிலும் காணலாம். அருள்மொழியைவிட ஒலிமிக்க பெயர் ஒன்று புதிய வீரனுக்கு இடப்படும்போதே அதன் முதல் அறிகுறி தோன்றிவிடுகிறது.

நிறைவுரை

நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோர் தொகுத்த சோழர் கல்வெட்டுப் பெயர்த் தொடரடைவு 1978 இல் மதுரையிலிருந்து மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. ஆட்பெயர் ஆய்வில் அது பெருஞ்சாதனை. ஆனால் ஆங்கிலத்தில் அமைந்த அவ்வாய்வுக் கருவி பொது எழுத்தாளர் கைக்குச் செல்லவில்லை. காலம், மண்டலம், தொழில், பாலினம் ஆகியவற்றின் அடிப்படையில் பகுத்து, பொருள் விளக்கமும் கல்வெட்டுச் சான்றும் இணைத்த ஆட்பெயர்க் கையேடு ஒன்றைத் தமிழில் எவரும் பயன்கொள்ளுமாறு தமிழ்த்துறைகளும் கல்வெட்டியல் துறைகளும் இணைந்து உருவாக்க வேண்டும். முதுகலை மாணவர் ஆளுக்கு ஒரு கோயிலின் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டாலே இப்பணிக்கு அடித்தளம் அமைந்துவிடும்.

ரசிகர் புனைகதையை இலக்கியமன்று என ஒதுக்குவது எளிது. ஆனால் இன்றைய இளையோருள் பலருக்குச் சோழர் காலம் அறிமுகமாவது பாடநூலால் அன்று, இத்தகைய கதைகளால்தான். அவர்கள் நெஞ்சில் பதியும் சோழநாட்டில் எடுத்தபாதம் என்றொரு பெண் வாழ்ந்தாளா இல்லையா என்பது, கல்லில் உள்ளதை ஆய்வுலகம் எவ்வளவு விரைவாக அவர்கள் கையில் சேர்க்கிறது என்பதைப் பொறுத்தது.