சல்லடையைக் காட்டுங்கள்

சென்ற மாதம் வந்த இதழ் ஒன்று, செயற்கை நுண்ணறிவுக்குத் தமிழ்ப் புலமை கைவந்துவிட்டதென்று தீர்ப்பெழுதியிருக்கிறது. ஆதாரம், நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண். கேள்வி கேட்டவர் யார், திருத்தியவர் யார், எங்கெங்கே சறுக்கியது? மூச்சுப் பேச்சில்லை. கேள்விகள் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தவையென்றால் அங்கே தேறியது தமிழல்ல. கேள்வியும் விடையும் முன்பே பயிற்சித் தரவில் கிடந்தவையென்றால் அது தேர்வே அல்ல. ஸ்ரீவைகுண்டம் வடகாலில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று ஒரு வாழை விவசாயி கேட்கிற பேச்சில் கேட்டுப் பார்த்தார்களா?

விமர்சகர் க.நா.சு. நல்ல எழுத்தாளர்கள் என்று பட்டியல் போட்டபோது, அலசிக் காட்டாமல் ஒப்பமாட்டோம் என்று மல்லுக்கு நின்றது 'எழுத்து' இதழ். அந்த வழியில் வந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் ஓர் எண்ணைக் கண்டதும் கைகட்டி நிற்கிறார்கள். பட்டியலுக்குப் பின்னால் ஒரு வாசகராவது இருந்தார்.

நம் தூத்துக்குடிக் கரையில் முத்துக்கு அப்படி மொத்தமாக மார்க் போட்டதில்லை. பத்துப் பித்தளைச் சல்லடைகள். 20 துளையில் தொடங்கி 1000 துளை வரை. பருமன் பிரித்த பிறகு உருட்சி, ஒளி, பிறகு எடை, அதன் பிறகே விலை. 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு ஓய்ந்தது, தரம் பிரித்த அந்தக் கண்களும் போயின. இன்னும் பின்னே போனால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு. கடவுளுக்குக் கொடுத்த நகையின் முத்துகளிலும் வட்டம், அனுவட்டத்தோடு குறையுள்ள கறடு, சப்பத்தி, இரட்டை எல்லாவற்றையும் வகை பிரித்துப் பொறித்திருக்கிறார்கள். ராஜராஜன் மறைக்காத குறையை மென்பொருள் விற்பவர் ஏன் மறைக்க வேண்டும்?

இயந்திரத்தை இப்படி அலசிப் பார்க்க வழியே இல்லையா? தமிழ்நாடு அரசு 2020-இல் வெளியிட்ட பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஆறு அளவைகளைச் சொல்கிறது: வெளிப்படையும் தணிக்கையும், பொறுப்பேற்பு, தவறான பயன்பாட்டுக்குத் தடை, டிஜிட்டல் இடைவெளி, அறம், நியாயம். 'டீப்-மேக்ஸ்' என்று மதிப்பெண் அட்டையும் உண்டு. அதைப் புரட்டிப் பார்க்காமலே புலமைப் பட்டம் கொடுக்கிறார்கள்.

பட்டம் கிடக்கட்டும். 2025 ஜூலை முதல் அங்கன்வாடியில் சத்துமாவு வாங்க வருகிற தாயின் முகத்தைச் செயலி சரிபார்க்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரி என்பார்கள். மிச்சம் ஐந்து பேர் யார்? உப்பளத்து வெயிலில் கறுத்தவர்களா? செயலி கைவிரித்தால் மாவு உண்டா, இல்லையா? யாரிடம் முறையிடுவது? இதற்குப் பதில் வைத்திராத இயந்திரத்துக்கு எந்தத் தேர்விலும் தேர்ச்சி கொடுக்கக் கூடாது. அதற்குப் பரணி பாடும் இதழுக்கும்தான்.

– ஆசிரியர், ஸ்ரீவைகுண்டம்